நற்றாயும் செவிலியும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒரு பட்டிமன்றம் நடைபெற்றது. தாயன்பில் விஞ்சி நிற்பவள் நற்றாயா, செவிலியா என்பது பொருள். நற்றாய் அணியினர் பத்துத் திங்கள் சுமந்த வயிற்றைப் பேசினர். செவிலி அணியினர் பாலை வெயிலில் நடந்து ஓய்ந்த கால்களைப் பேசினர். இரு சாராரும் மேற்கோள்களை அள்ளி வீசினர். இறுதியில் நடுவர், ஒருத்தியின் அன்பு வேர், மற்றவளின் அன்பு நீர் என்று கூறி இரு அணியினரையும் மகிழ்வித்து அவையைக் கலைத்தார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

வீடு திரும்பும் பேருந்தில்தான் ஐயம் தொடங்கிற்று. இவ்விருவரையும் தராசின் இரு தட்டுகளில் ஏற்றி நிறுத்துப் பார்க்கச் சங்கப் புலவர் எவரேனும் முயன்றது உண்டா? நினைவுக்கு எட்டிய பாட்டுகளை எல்லாம் மனத்துள் புரட்டினேன், ஒன்றும் அகப்படவில்லை. அதன் பின்னர் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தொகை நூல்களை இந்த ஒரு நோக்கோடு படித்து வந்தேன். அவ்வாறு படித்ததில் எனக்குத் தோன்றியவற்றையே இங்கு எழுதுகிறேன். நான் முறையாகத் தமிழ் பயின்ற புலவன் அல்லேன். இளங்கலைப் பட்டத்தோடு படிப்பை நிறுத்தி அரசுப் பணிக்கு வந்துவிட்டவன். பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

தலைவன் தலைவியரின் காதலைப் பற்றி நம் ஆராய்ச்சியாளர் எழுதிக் குவித்துள்ளனர். தலைவிக்கும் தோழிக்கும் உள்ள நட்பைப் பற்றியும் நூல்கள் உண்டு. மகளைப் பிரிந்த தாயின் புலம்பலைப் பற்றிப் பேசாத மேடையே இல்லை. ஆனால் ஒரு பெண்ணை வளர்ப்பதற்கென்று ஒரு கூரையின் கீழ் வாழும் இவ்விரு பெண்டிரும் ஒருவருக்கு ஒருவர் யார்? கணவனும் மனைவியும் போல இன்பத்தால் பிணைக்கப்பட்டவர் அல்லர். உடன்பிறந்தவர் என்று இலக்கணம் சொல்லவில்லை. ஒருத்தி மனைக்கு உரியவள். மற்றவள் அம்மனையில் வாழ்பவள். இருவரையும் இணைத்து நிற்பது அப்பெண் ஒருத்தியே. அவளும் ஒருநாள் விடியற்காலையில் காதலனோடு புறப்பட்டுப் போய்விடுகிறாள். அதன்பின் அவ்வீட்டில் எஞ்சியிருக்கும் இருவரையும் இணைப்பது எது?

தொல்காப்பியர் களவியலில் ஒரு விதி செய்கிறார். அகத்திணையில் தாய் என்று வாளா சொல்லப்படுபவள் செவிலியே என்பது அவ்விதியின் கருத்து. மறைத்துக் காக்கவேண்டிய அரிய செய்திகளை எடுத்துப் பேசும் உரிமை அவளிடத்தில் இருப்பதைக் காரணமாகவும் காட்டுகிறார். இதை நாம் விரைந்து படித்துக் கடந்துவிடுகிறோம். சற்றே நின்று நோக்கினால் வியப்பு உண்டாகும். பெற்றவளைக் குறிக்க ‘நல்’ என்னும் அடைமொழி வேண்டியிருக்கிறது. வளர்த்தவளுக்கு அடைமொழி வேண்டுவதில்லை. தாய் என்ற அளவிலேயே அவள் வந்து நிற்கிறாள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தோழி 261 அடிகளில் தலைவியின் களவை விரித்துரைக்கிறாளே, அவள் அன்னை என்று விளிப்பது செவிலியைத்தான். நற்றாய் அருகில் இல்லை. அவளுக்குச் செய்தி பின்னர்த்தான் போகும்.

எவ்வாறு போகும் என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. தலைவி தோழிக்கு உரைப்பாள். தோழி செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உணர்த்துவாள். அறத்தொடு நிற்றல் என்பது இது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு அனுப்பிக் காலம் கழித்தவனுக்கு இவ்வரிசையைக் கண்டதும் சிரிப்பு வருகிறது. உரிய வழியாக அன்றி எதுவும் மேலே செல்லலாகாது என்பது அங்கும் விதி போலும்! தந்தையும் தமையனும் குறிப்பினால் உணர்ந்துகொள்வர் என்று தொல்காப்பியர் கூறுவதும் நம் மேலதிகாரிகளின் இயல்போடு மிகப் பொருந்துகிறது.

விளையாட்டு நிற்க. இவ்வரிசையில் செவிலிக்கு அடுத்த இடத்தில்தான் நற்றாய் இருக்கிறாள். மகளின் வாழ்வில் நிகழ்ந்த மிகப் பெரிய செய்தியை அவள் இன்னொருத்தியின் வாயிலாகவே கேட்கிறாள். அவ்வாறு கேட்பதில் சினம் கொண்டதாகவோ, நாணியதாகவோ, ‘எனக்குச் சொல்லாமல் உனக்கு ஏன் சொன்னாள்?’ என்று வெகுண்டதாகவோ ஒரு பாட்டையும் நான் கண்டதில்லை. களவை நற்றாய் அறியும் முறை செவிலி அறியும் முறையோடு ஒக்கும் என்று தொல்காப்பியர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

பட்டிமன்றத்தில் ஒருவர், செவிலி கூலிக்கு வளர்ப்பவள், அவள் வடிக்கும் கண்ணீர் கடமைக் கண்ணீர் என்றார். அவைக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அது வருத்தமாக இருந்தது. தோழி என்பவள் செவிலியின் மகளே என்று தொல்காப்பியர் தெளிவாகக் கூறியிருக்கிறார். இதிலிருந்து ஓர் ஊகம் செய்யலாம். இத்தலைமுறையில் செவிலியின் மகள் தலைவிக்குத் தோழியாக இருக்கிறாள் என்றால், முந்திய தலைமுறையில் இந்தச் செவிலியே இந்த நற்றாய்க்குத் தோழியாக இருந்திருத்தல் கூடும் அன்றோ? அங்ஙனமாயின் அவர்களுக்கிடையே உள்ள உறவு இந்தப் பெண் பிறந்த நாளில் தொடங்கியது அன்று. ஒருகாலத்தில் இவளுடைய களவை அவள் காத்தாள். தாயின் கண்ணுக்குத் தப்பி இவள் புறப்பட்டபோது வாயிலில் நின்று காவல் பார்த்தாள். இன்று அதே வாயிலில் அதே பெண் இவளுடைய மகள் வெளியே போகாதபடி காவல் பார்க்கிறாள். ஊகம்தான், வற்புறுத்த மாட்டேன். ஆயினும் இதைக் கூலி என்ற ஒரு சொல்லால் அளந்துவிட முடியாது.

மகள் போய்விட்டாள் என்று தெரிந்தபின் இருவரும் ஆளுக்கு ஒரு திசையாகப் பிரிகின்றனர். நற்றாய் வீட்டில் இருந்து புலம்புகிறாள். செவிலி தேடிப் போகிறாள். ஊர்ச் சேரியிலும் சுரத்திலும் தாமே செல்லும் தாயரும் உளர் என்று தொல்காப்பியர் பொதுவாகக் கூறினாலும், பாட்டுகளில் நாம் சுரத்தில் சந்திக்கும் தாய் செவிலிதான். வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 44-ஆம் பாட்டில் அவள் கால்கள் நடை தவறிவிட்டன. எதிரே வருவோரைப் பார்த்துப் பார்த்துக் கண்கள் ஒளி இழந்துவிட்டன. வானத்து மீன்களிலும் மிகுதியாக மக்கள் வருகிறார்கள், போகிறார்கள். அவர்களுள் தான் தேடும் இருவர் மட்டும் இல்லை. இவ்வளவும் நான்கே அடிகளுக்குள் அடங்கிவிடுகிறது.

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் கலித்தொகை ஒன்பதாம் பாட்டு அனைவரும் அறிந்தது. குடை நிழலில், உறியில் தொங்கும் கரகமும் முக்கோலும் தாங்கி வரும் அந்தணரைக் கண்டு செவிலி வினவுகிறாள்: என் மகள் ஒருத்தியும் வேறொருத்தியின் மகன் ஒருவனும் இவ்வழிச் செல்லக் கண்டீரோ என்று. அவர்கள் மறுமொழி கூறுகின்றனர். மலையில் பிறந்த சந்தனம் பூசிக்கொள்பவர்க்கு அன்றி மலைக்குப் பயன்படுவதில்லை. கடலில் பிறந்த முத்து அணிபவர்க்கு அன்றிக் கடலுக்குப் பயன்படுவதில்லை. யாழில் பிறந்த இசை இசைப்பவர்க்கு அன்றி யாழுக்குப் பயன்படுவதில்லை. உம் மகளும் அத்தகையவளே என்கின்றனர்.

இந்தப் பாட்டை மேடையில் கேட்கும்போதெல்லாம் உவமைகளின் அழகில் மயங்கிவிடுகிறோம். இவை யாருக்குச் சொல்லப்பட்டவை என்பதை மறந்துவிடுகிறோம். மூன்று உவமைகளும் பிறப்பைப் பற்றியவை. அவற்றைக் கேட்டு நிற்பவளோ அப்பெண்ணைப் பெற்றவள் அல்லள்! அந்தணர் அவளை ‘நீர் பெற்றவரோ?’ என்று கேட்கவில்லை. அவளும் ‘நான் வளர்த்தவள்தான்’ என்று திருத்தவில்லை. என் மகள் என்றாள். உம் மகள் என்றனர். அவ்வளவே. மலைக்கும் கடலுக்கும் உரிய ஆறுதலை வளர்த்தவள் ஏற்றுக்கொள்கிறாள். மூன்றாவதாகிய யாழ் உவமை மட்டும் அவளுக்கென்றே அமைந்தது போலவும் எனக்குத் தோன்றுவதுண்டு. சந்தனம் மலையில் தானே விளைகிறது. முத்து கடலில் தானே விளைகிறது. யாழில் இசை தானே விளைவதில்லை. நரம்பை நாள்தோறும் முறுக்கியும் தளர்த்தியும் ஒரு கை உழைத்தாக வேண்டும்.

பெற்றவளுக்காகச் சொல்லப்பட வேண்டிய இந்த ஆறுதல் அவள் காதில் விழவில்லை. செவிலி அதைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியிருப்பாள். நற்றாயிடம் சொன்னாளா, எப்படிச் சொன்னாள் என்பதற்குப் பாட்டு இல்லை. பிற்காலத்துக் கோவை நூல்கள் இத்தகைய இடைவெளிகளை ஓரளவு நிரப்ப முயன்றன. திருக்கோவையாரில், மகளின் இளமையை நினைந்து கவலும் நற்றாய்க்கு, நீ வருந்தாதே, நான் போய்த் தேடுகிறேன் என்று செவிலி கூறும் துறை ஒன்று உண்டு. நாடத் துணிதல் என்று பெயர். ஒருத்தி மற்றவளின் துயரைக் கண்டு அதற்கு மறுமொழியாக எழுந்து நிற்பதாக வரும் அத்துறை எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஐங்குறுநூற்றுப் பாலைப் பகுதியை ஓதலாந்தையார் பாடினார். அதில் மகள் போனபின் தாய் இரங்குவதாகப் பத்துப் பாட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில், நீர் வேட்கையால் பெருமூச்செறியும் யானை திரியும் வழியில் என் மகள் சென்றுவிட்டாள், பந்தையும் பாவையையும் கழங்கையும் எமக்கு விட்டுவிட்டு என்று தாய் சொல்கிறாள். மகளைக் குறிக்கும்போது ‘என்’. விளையாட்டுப் பொருள்களைக் குறிக்கும்போது ‘எம்’. செய்யுளில் எம் என்பது தன்மை ஒருமைக்கும் வழங்கும், இதில் நுட்பம் தேடவேண்டா என்று புலவர் ஒருவர் என்னைத் தடுத்தார். அவர் சொல்வது இலக்கணப்படி சரியே. ஆயினும் மகளை உரிமை கொண்டாடும்போது ஒருத்தியாக நிற்பவள், அவள் விட்டுச்சென்ற பந்தின் முன் பன்மையில் நிற்கிறாள் என்று படிப்பதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது. பந்தை எடுத்து வைப்பவள் ஒருத்தி, பாவையைத் துடைத்து வைப்பவள் இன்னொருத்தி என்று கொண்டால் என்ன குறைந்துவிடும்?

இனி இவ்விருவர் உறவின் உச்சம் என்று நான் கருதும் இடத்திற்கு வருகிறேன். திருமணம் முடிந்து மகள் தனிமனை அமைத்து வாழ்கிறாள். செவிலி அங்குச் சென்று பார்த்துவிட்டு வந்து நற்றாய்க்குச் சொல்கிறாள். கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167-ஆம் பாட்டு அது. கட்டித் தயிரைத் தன் மெல்லிய விரலால் பிசைந்தாள். விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலே உடுத்திருந்தாள். தாளிப்புப் புகை கண்ணில் நிறைந்தது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்டான். அவள் முகம் நுட்பமாக மகிழ்ந்தது. செய்தி இவ்வளவுதான்.

சங்க நூலகத்திலிருந்து உ. வே. சாமிநாதையரின் 1937-ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பை எடுத்துவந்து இப்பாட்டைப் பலமுறை படித்திருக்கிறேன். இல்லற இன்பத்தின் சொல்லோவியம் என்றுதான் அப்போதெல்லாம் எண்ணியிருந்தேன். அது ஒருத்தி மற்றொருத்திக்குச் சொல்லிய சொல் என்பது உறைத்தது என் வீட்டில்தான்.

என் மனைவியும் அரசு அலுவலகத்தில் பணிபுரிபவள். எங்கள் ஒரே மகளை வளர்த்தவர் என் தமக்கையார். இளம் வயதிலேயே கணவரை இழந்து, கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஊரிலிருந்து எங்களுக்காகத் தில்லிக்கு வந்தவர். மகள் படிப்பை முடித்துப் புணே நகரில் வேலை கிடைத்துத் தோழியர் இருவரோடு வாடகை அறையில் தங்கினாள். முதல் முறை அவளைப் பார்த்துவர வேண்டும் என்று எழுந்தபோது மார்ச்சு மாதம். நிதியாண்டு முடிவு, என் மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. எனக்கும் இல்லை. தமக்கையார் மட்டும் போய் ஒரு வாரம் தங்கித் திரும்பினார். வந்த அன்று இரவு சமையலறையில் இருவரும் பேசிக்கொண்டிருந்தது முன்னறையில் எனக்குக் கேட்டது. “போர்வையைத் துவைத்து ஒரு மாதம் ஆகியிருக்கும் போலிருக்கிறது. ரசம் அவளே வைத்தாள். புளி கொஞ்சம் அதிகம். மற்றப் பெண்கள் நன்றாயிருக்கிறது என்று இரண்டு முறை வாங்கிக்கொண்டார்கள். அப்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே!” என் மனைவி ஒன்றும் பேசவில்லை. நெடுநேரம் கழித்து, “அடுப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று கேட்டாள்.

அப்போதுதான் கூடலூர் கிழார் செய்திருப்பது விளங்கிற்று. மகள் நலமாக இருக்கிறாள் என்று செவிலி சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது அவளுடைய முடிவாகிவிடும். நற்றாய் அதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். அவள் தன் கண்ணைக் கடனாகக் கொடுக்கிறாள். துவைக்காத ஆடை, புகை, குழம்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறாள். முடிவை நற்றாயே செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறாள். ‘தானே’ சமைத்தாள் என்பதன் பொருளை முழுதும் உணரக்கூடியவள் உலகில் இன்னொருத்திதான். ஏவலர் நிறைந்த வீட்டில் அப்பெண் ஒருநாளும் அடுப்பருகே போனதில்லை என்பது இவ்விருவர்க்கும்தானே தெரியும்? பேயனார் பாடிய ஐங்குறுநூற்று முல்லையில் செவிலி கூற்றுப் பத்து என்றே ஒரு பகுதி உண்டு. அதன் முதற்பாட்டில், குட்டியை நடுவே கிடத்திய மான்கள்போலப் புதல்வன் இடையே கிடக்க அவர்கள் படுத்திருந்த காட்சி கூறப்படுகிறது. அங்கும் இதே முறைதான். கண்டது சொல்லப்படுகிறது, கருத்து கேட்பவளிடம் விடப்படுகிறது.

இவ்வளவு பாராட்டியபின் ஒரு குறையையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பத்துப் பாட்டுகள் செவிலி பேசுகிறாள். நற்றாயின் மறுமொழி ஒரு பாட்டும் இல்லை. ‘நீ போய்ப் பார்த்துவந்தாயே’ என்று ஒரு சொல் இல்லை. இதைவிடப் பெரியது இன்னொன்று. தோழி செவிலியின் சொந்த மகள் என்று முன்னரே கண்டோம். தலைவி போனபின் இந்த மகள் வீட்டிலேயே இருக்கிறாள். உடன்போக்குக்கு உடன்பட்டவளும் இவளே. அன்று மாலை செவிலிக்கும் இவளுக்கும் இடையே என்ன நிகழ்ந்தது? இவளுக்கு மணம் ஆயிற்றா? இவள் வீட்டு அடுப்பை யாரேனும் போய்ப் பார்த்துவந்து சொன்னார்களா? என் சிற்றறிவுக்கு எட்டியவரை, தோழியை என் மகள் என்று சொல்லிச் செவிலி மகிழ்ந்த பாட்டோ, வருந்திய பாட்டோ நான் படித்ததில்லை. தலைமக்கள் வாழ்வைப் பாடுவதே அகத்திணை மரபு, ஏனையோர் அதற்குத் துணை மாந்தர் என்று விளக்கம் தரலாம். விளக்கம் சரியே, ஆனால் விளக்கத்தால் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது மாறிவிடாது. ஒரு மகளைப் பொன்போல் போற்றிய மரபு, அவளோடு ஒரே மடியில் வளர்ந்த இன்னொரு மகளைப் பெயரளவில் நிறுத்திவிட்டது.

பெற்றவளுக்கும் வளர்த்தவளுக்கும் இடையே எழக்கூடிய பொறாமையையும் சங்கப் புலவர் தொடவில்லை. பின்னர் வந்த குலசேகர ஆழ்வார்தாம் அந்தக் கதவைத் திறந்தார். பெருமாள் திருமொழியின் ஏழாம் பகுதி முழுதும் தேவகியின் புலம்பல். தாலாட்டியது, பாலூட்டியது, தளர்நடை கண்டது, வெண்ணெய் உண்ட கோலம் கண்டது எல்லாம் யசோதைக்கே வாய்த்தன. தான் ஒன்றும் பெறவில்லை என்று தேவகி ஏங்குகிறாள். ஆயினும் யசோதையை ஒரு சொல்லாலும் பழிக்கவில்லை. அவளைத் தெய்வ நங்கை என்றே சொல்கிறாள். அந்தப் புகழ்ச்சிக்குள் எவ்வளவு எரிச்சல் அடங்கியிருக்கிறது என்பது தேவகிக்குத்தான் தெரியும். எங்கள் மகள் மழலை பேசத் தொடங்கியபோது முதலில் அம்மா என்று அழைத்தது என் தமக்கையாரைத்தான். அன்று இரவு என் மனைவி உணவு கொள்ளவில்லை. அதைப்பற்றி அவர்கள் இருவரும் இன்றுவரை பேசிக்கொண்டதாக நான் அறியேன்.

நற்றாய் வளர்ப்பவளைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றேன். பெற்ற தாய் ஒருத்தி இன்னொரு தாயைக் குறிப்பிட்டுத் தன் மகளை அவளுக்கு உரியவளாக்கும் இடம் ஒன்று மணிமேகலையில் உண்டு. இந்திர விழாவுக்கு மாதவியும் மணிமேகலையும் வரவில்லை. சித்திராபதி அனுப்பிய வயந்தமாலை வந்து ஊரார் பழிப்பதைச் சொல்கிறாள். மாதவி மறுமொழி கூறுகிறாள்: மணிமேகலை மதுரையை எரியூட்டிய பத்தினியின் மகள், அவள் தவத்துக்கு உரியவள், ஆடலுக்கு உரியவள் அல்லள் என்று. கண்ணகிக்குக் குழந்தை இல்லை. மாதவியும் கண்ணகியும் இரு காப்பியங்களிலும் ஒருமுறையேனும் நேரில் சந்தித்ததில்லை. அவர்களுக்குப் பொதுவாக இருந்த கோவலனும் இறந்துவிட்டான். இருந்தும் தன் வயிற்றில் பிறந்தவளைக் கண்ணகிக்குக் கொடுத்துவிடுகிறாள். இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தன் மகள் என்று சொன்னால் அவள் கணிகையர் குலத்துக்கு உரியவளாகிவிடுவாள். கண்ணகியின் மகள் என்று சொன்னால் தப்பிப்பாள். மகளைக் காப்பாற்றுவதற்காகத் தன் தாய்மையை விட்டுக்கொடுக்கிறாள் மாதவி. பின்னர் மணிமேகலை வஞ்சி நகரில் கண்ணகியின் கோயிலுக்குச் சென்று தாயாகவே எண்ணித் தொழுகிறாள். இதைப் படிக்கும்போது, இறந்தவளிடமும் ஒரு மகளை ஒப்படைக்கலாம் என்று துணிந்த சாத்தனாரை வணங்கத் தோன்றுகிறது.

சங்கப் பாட்டில் செவிலிக்கு இத்தகைய ஒப்படைப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. மகள் சென்றபின் அவ்வீட்டில் அவளுக்கு என்ன இடம் என்பதும் சொல்லப்படவில்லை. தொல்காப்பியர் கற்பியலில், நல்லவை உரைப்பதும் அல்லவை விலக்குவதும் செவிலிக்கு உரியன என்று கூறி அவளுக்கு ஒரு பணியைத் தொடர்ந்து வைத்திருக்கிறார்; அது வரையில் ஆறுதல். புணேயிலிருந்து வந்த சில நாள்களில் என் தமக்கையார் என்னிடம், “இனி எனக்கு இங்கே என்ன வேலை, தம்பி? ஊருக்குப் போகட்டுமா?” என்று கேட்டார். கேட்டது என்னிடம், கேட்கும்படி சொன்னது சமையலறையில் இருந்தவளுக்கு. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது, தள்ளுபடி விலையில் கிடைத்ததென்று தமக்கையாருக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கிவந்தாள். அப்போது தில்லியில் சித்திரை வெயில்.

நற்றிணை 110-ஆம் பாட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். போதனார் பாடியது. பொற்கலத்தில் தேன் கலந்த பாலை ஏந்திக்கொண்டு, கையில் சிறு கோலோடு நரைத்த கூந்தலையுடைய முதிய செவிலியர் பின்தொடர, உண்ண மாட்டேன் என்று முத்துப் பரல் இட்ட சிலம்பு ஒலிக்கப் பந்தரில் ஓடிய சிறுமி. இன்று கணவன் குடி வறுமையுற்றபோது தந்தையின் வளமான சோற்றை நினையாமல் ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்கிறாள். இந்த அறிவை எங்கே கற்றாள் என்று பாட்டு வியக்கிறது. இதைச் சொல்பவள் யார்? பாட்டின் கீழ் உள்ள பழைய துறைக்குறிப்பு, வீட்டில் இருந்து மருளும் நற்றாய் கூற்று என்று ஒரு வகையாகவும், மகளின் நிலையைப் போய்க் கண்டு வந்து செவிலி உரைத்தது என்று மற்றொரு வகையாகவும் கொள்ள இடம் தருகிறது. முதலில் எனக்கு இது ஏமாற்றமாக இருந்தது. துறை வகுத்தவர் துணிந்து ஒன்றைச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன்.

பின்னர் இரண்டு வகையாகவும் படித்துப் பார்த்தேன். நற்றாய் கூற்றாகப் படித்தால், அவள் உள்ளே நின்று சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஓடியவர்களும் மூச்சிரைத்து நின்றவர்களும் செவிலியர், தான் ஓடவில்லை. கிழவிகள் களைத்ததை அவள் கவனித்திருக்கிறாள், இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் நினைவில் வைத்திருக்கிறாள். செவிலி கூற்றாகப் படித்தால், நரைத்த கூந்தலோடு பின்னால் ஓடியவர்களுள் அவளும் ஒருத்தி. தன் நரையையும் தன் களைப்பையும் வேறு யாருடையதோ போலத் தள்ளி வைத்துச் சொல்கிறாள். பால் குடிக்காமல் ஓடிய அந்தச் சிலம்பொலி மட்டும் இரு வகையிலும் மாறவில்லை.